மலைக்கு வந்த படகுகள்

சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்களே இருந்தன. கினிகத்தேனையைக் கடந்து அட்டனை நோக்கிச் சென்றுகொண்டிருந்த எமது பஸ் ஒரு வளைவில் நின்றுவிட்டது. முன்னால் பத்துப் பன்னிரண்டு வாகனங்கள். மண்சரிவாக இருக்குமோ என்று இறங்கிப் போய்ப் பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தனர். வீதியை அடைத்துக்கொண்டு நின்றது ஒரு படகு.

மீனவர்களின் படகு அல்ல. வெள்ளை வெளேரென்ற உடல், சரிந்த முன்கண்ணாடி, முன்பகுதியில் இருவர் படுத்துறங்கக்கூடிய சிறு அறை. எக்ஸ்பிரஸ் குரூசர் என்று அமெரிக்கர்கள் அழைக்கும் வகையில் சற்றுச் சிறியது. அதை இரட்டை அச்சு டிரெய்லரில் ஏற்றி, ஜீப் ஒன்றில் பூட்டிக் கொழும்பிலிருந்து இழுத்து வந்திருக்கிறார்கள். வளைவில் எதிரே லொறி வர, ஜீப்பும் டிரெய்லரும் முழங்கை மடித்தாற்போல் மடங்கி நின்றுவிட்டன.

எனக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்த முதியவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். யன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, மலைய விட்டுக் கப்பலேறிப் போனவங்களப் பாத்திருக்கேன். மலைக்கு ஏறி வர்ற கப்பல இன்னைக்குத்தான் பாக்குறேன்."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். மலையகத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன், சிலவற்றை எழுதியுமிருக்கிறேன். அந்தப் பெரியவர் இரண்டு வசனங்களில் சொன்னதை எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. அதன் பின்னாலுள்ள சரித்திரத்தைச் சற்றே விரித்துச் சொல்வதுதான் இப்பதிவின் நோக்கம்.

வார இறுதிக்கென ஒரு படகு

படகை வீட்டு முற்றத்தில் வைத்திருந்து, வெள்ளிக்கிழமை மாலை வாகனத்தில் பூட்டி இழுத்துச் சென்று, இரண்டு நாள் நீரில் கழித்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்காவில் பரவிய வழக்கம். அதற்கு முந்திய மரப்படகுகளை நெடுநாள் கரையில் வைத்தால் பலகைகள் உலர்ந்து சுருங்கி, இணைப்புகள் விட்டுப்போகும். மீண்டும் நீரில் இறக்கினால் ஒழுகும். கண்ணாடியிழைப் படகுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1956ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து அந்நாடெங்கும் பெருந்தெருக்கள் அமைக்கப்பட்டன. நடுத்தர வர்க்கத்தார் கையில் மோட்டார் வாகனம் இருந்தது. படகு கடலை விட்டு நாட்டின் உட்புறத்துக்குப் புறப்பட்டது.

உட்புறத்தில் அது மிதப்பதற்கு நீர் வேண்டுமல்லவா? அதை அணைக்கட்டுகள் கொடுத்தன. கொலராடோ ஆற்றை மறித்து 1930களில் எழுந்த ஹூவர் அணையின் பின்னால் தேங்கிய மீட் ஏரி இன்றும் அமெரிக்கப் படகோட்டிகளுக்கு விருப்பமான இடம். அந்த ஏரியின் அடியில் நெவாடா மாநிலத்தின் சென்ட் தோமஸ் என்ற சிற்றூர் இருந்தது. 1938இல் நீர் வாசலுக்கு வந்த பிறகே அவ்வூரின் கடைசி மனிதர் தம் வீட்டிலிருந்து படகேறிப் போனார். 2000களின் வரட்சியில் ஏரி வற்றியபோது அவ்வூரின் அத்திவாரங்கள் மீண்டும் வெளியே தெரிந்தன.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மலைநாட்டில் இயற்கையான ஏரி என்று சொல்லத்தக்க பெரிய நீர்ப்பரப்பு எதுவும் இல்லை. நுவரெலியாவிலோ அட்டன் பகுதியிலோ ஒரு மோட்டார்ப் படகு ஓடக்கூடிய நீர் முழுவதும் மனிதர் மறித்துத் தேக்கியதே.

கிரகரியின் வாவி

கனமான பொருளை மலைக்கு இழுத்து வருவதிலுள்ள ஆபத்தை முதலில் அனுபவித்தவர்களில் ஒருவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்றவர் இவர்தான். நுவரெலியாவில் ஓர் ஆங்கிலேயக் கிராமத்தை உருவாக்க எண்ணி 1848இல் இவர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கருவிகளையும் கொண்டுவந்தார். அவருடைய குதிரை வண்டி மலைப்பாதையில் குதிரைகளோடு பள்ளத்தில் விழுந்து நொறுங்கியதை அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். கினிகத்தேனை வளைவில் மடங்கி நின்ற ஜீப்புக்கு இவ்வாறு ஒரு மூத்த உறவு உண்டு.

நுவரெலியாவின் வாவி 1873இல் அமைந்தது. பிதுருதலாகலை மலையிலிருந்து இறங்கும் தலாகல ஓயாவை மறித்து, சதுப்பு நிலமாகக் கிடந்த பள்ளத்தை நீரால் நிரப்பினார்கள். அப்போதைய ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் பெயர் வாவிக்கு இடப்பட்டது. 1881இல் ட்ரவுட் மீன்கள் விடப்பட்டன. தோட்டத் துரைமாரும் கொழும்பின் உத்தியோகத்தரும் ஏப்ரல் மாதத்தில் வந்து தங்கும் 'சீசன்' வழக்கத்துக்குக் குதிரைப் பந்தயமும் கோல்ப் விளையாட்டும் போலப் படகுச் சவாரியும் சேர்ந்துகொண்டது. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியதும் இந்த வரவு இலகுவாயிற்று.

கிரகரி அயர்லாந்துக்காரர். அவரைப் பற்றி அந்நாட்டு வரலாற்றில் வேறொரு குறிப்பு உண்டு. அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தின்போது, 1847இல் அவர் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அதைக் கைவிட்டாலன்றிப் பஞ்ச நிவாரணம் பெற முடியாது என்பது அதன் சாரம். பசிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறிய ஐரிஷ் விவசாயிகள் ஏராளம். அதே கிரகரி இலங்கையில் ஆளுநராக இருந்த காலத்தில்தான் 1876ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பஞ்சம் தொடங்கியது. பசிக்கு நிலத்தைக் கைவிட்ட தமிழ் விவசாயிகள் கூட்டங்கூட்டமாகக் கங்காணிமாரின் பின்னால் இலங்கைக்கு வந்தனர். மன்னார்க் கரையில் தோணியிலிருந்து இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை அவர்கள் நடந்தார்கள். வழியில் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானோர் பலர்.

ஆக, 1870களின் மலைநாட்டில் இருவகைப் படகுகள் இருந்தன. ஒன்று வாவியில் துரைமார் உல்லாசமாக ஓட்டியது. மற்றது தொழிலாளியை அக்கரையிலிருந்து கொண்டுவந்து இறக்கியது. ஒன்றில் ஏறியவர் மற்றதில் ஏறியதில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கி, 'போட் மெயில்' என்ற சொல் நம்மவர் வாயில் நிலைபெற்ற பின்னரும் இந்த வேறுபாடு மாறவில்லை.

மின்சாரத்துக்காகத் தேங்கிய நீர்

அட்டன் பகுதியின் நீர்த்தேக்கங்கள் உல்லாசத்துக்காகத் தோன்றியவை அல்ல. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர், மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என 1918இல் ஒரு விரிவான கட்டுரையைப் பொறியியலாளர் சங்கத்தில் சமர்ப்பித்தார். குடியேற்ற ஆட்சி அதனைப் பல்லாண்டுகள் இழுத்தடித்தது. 1950இல்தான் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மூன்றாண்டுகளின் பின் விமலசுரேந்திர காலமானார்.

மழையற்ற மாதங்களிலும் மின்சாரம் வேண்டுமாயின் மேலே நீரைச் சேமித்தாக வேண்டும். அதற்காகக் கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீ அணை கட்டப்பட்டது. அந்நீரைக் கொண்டு இயங்கும் 50 மெகாவாற் மின்நிலையம் 1965இல் விமலசுரேந்திரவின் பெயரைப் பெற்றது. மஸ்கெலியா ஓயாவில் மவுசாகலை அணை 1969இல் நிறைவுற்றது. இவ்விரு ஓயாக்களும் கீழே இணைந்தே களனி கங்கையாகின்றன.

காசல்ரீயின் நீர் தேயிலைக் காணிகளை மூடியது. 1878இல் துரைமார் கட்டிய வார்லி தேவாலயம் மேட்டில் இருந்ததால் தப்பியது. இன்றும் அது நீரைப் பார்த்தபடி நிற்கிறது. மவுசாகலையின் நீரோ ஒரு நகரத்தையே கொண்டது. பழைய மஸ்கெலியா, கடைத்தெருவும் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையுமாக இருந்த ஊர். தோட்டத்து மக்கள் சம்பளத்தன்று இறங்கிவந்து சாமான் வாங்கிய இடம். அது நீரில் மூழ்க, மேட்டு நிலத்தில் புதிய மஸ்கெலியா எழுந்தது. பங்குனி, சித்திரை மாதங்களில் நீர் வற்றும்போது கோயிலின் கல்லும் பழைய கட்டடங்களின் எச்சங்களும் சேற்றிலிருந்து வெளிப்படும். சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் பஸ்ஸை நிறுத்திப் பார்ப்பதுண்டு. பக்கத்துத் தோட்டத்து மக்கள் இறங்கிச் சென்று கற்பூரம் ஏற்றுவதுமுண்டு.

இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற மின்சாரம் முதலில் எங்கே சென்றது என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். அணைகளுக்கு அண்மையிலிருந்த லயங்கள் பலவற்றில் அதன் பின்னரும் பல ஆண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குகளே எரிந்தன. இதை எழுதுபவனும் அப்படியொரு குப்பி விளக்கின் ஒளியில் படித்தவன்தான். இரவில் அணையின் விளக்குகள் தூரத்தே வரிசையாகத் தெரியும். எங்கள் காம்பறாவில் விளக்குத் திரியைச் சற்றுக் கூட்டினாலே அம்மா கோபிப்பார்.

ஒரு பக்கம் நீர், மறு பக்கம் கப்பல்

இந்த ஆண்டுகளைச் சற்று உற்று நோக்க வேண்டும். காசல்ரீயின் வேலைகள் நிறைவை நெருங்கிக்கொண்டிருந்த 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் புதுடில்லியில் கையெழுத்தானது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என இரு பிரதமர்களும் பங்கிட்டுக்கொண்டனர். எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பிரிக்க 1974இல் இன்னோர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பங்கிடப்பட்ட மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

அதே 1964இன் டிசம்பர் மாதத்தில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. அட்டன், தலவாக்கலை, நானுஓயா நிலையங்களில் ரயிலேறி, தகரப் பெட்டிகளோடு தலைமன்னாரை அடைந்து, அக்கப்பலில் போனவர்களின் அழுகையை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். 1984இல் போர்ச் சூழலில் சேவை நிற்கும் வரை, மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் அவ்வாறு அனுப்பப்பட்டார்கள். பலர் தாம் ஒருபோதும் கண்டிராத ஒரு 'தாயகத்துக்கு'ப் போனார்கள்.

இங்கே பள்ளத்தாக்கில் நீர் ஏறிக்கொண்டிருந்த காலமும் அங்கே மக்கள் கப்பலேறிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. பழைய மஸ்கெலியாவில் கடைத்தெருவை இழந்தவன் சில ஆண்டுகளில் அயலவனையும் இழந்தான். ஊர் எங்கே என்றால் நீருக்கடியில். உறவு எங்கே என்றால் கடலுக்கு அப்பால். பஸ்ஸில் அந்த முதியவர் சொன்ன முதல் வசனத்தின் பொருள் இதுதான்.

எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் முடிவுக்கு வந்தது. ஆயினும் தலைமுறைகளாகக் குடியிருக்கும் லயத்தின் நிலம் இன்னும் பெரும்பாலானோர் பெயரில் இல்லை.

சித்திரையில் வற்றும் நீர்

இனி, மலையேறி வந்த படகுக்குத் திரும்புவோம். இத்தகைய படகு டிரெய்லரோடும் எரிபொருளோடும் சேர்ந்து மூன்று தொன்னைத் தாண்டக்கூடும். அமெரிக்காவில் தனி அனுமதியின்றி இழுத்துச் செல்லத்தக்க அகலம் எட்டரை அடி. சிறிய எக்ஸ்பிரஸ் குரூசர்கள் பல அந்த அளவுக்குள் அடங்கவே கட்டப்படுகின்றன. அந்த எட்டரை அடி நேரான பெருந்தெருக்களுக்கு உரிய கணக்கு. நமது மலைப்பாதைகள் கோப்பிக்கும் தேயிலைக்கும் மாட்டு வண்டி போகவெனச் சரிவுகளில் வெட்டப்பட்டவை. வளைவில் டிரெய்லரின் சக்கரம் இழுக்கும் வாகனத்தின் தடத்தைப் பின்பற்றாமல் உட்பக்கமாக வெட்டிச் செல்லும். அதனால் ஓட்டுநர் வெளிப்பக்கமாக அகன்று திரும்ப வேண்டும். அந்த வெளிப்பக்கத்தில்தான் எதிரே பஸ் வரும். இறக்கத்திலோ படகின் பாரம் முழுதும் பின்னாலிருந்து தள்ளும். கீழ்க் கியரில் இறங்காதவனுக்குப் பிரேக் சூடேறிக் கைவிடும்.

மலையை அடைந்த பின்னும் சிக்கல் உண்டு. உயரம் கூடக் காற்று ஐதாகும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கும். ஆயிரத்து நூறு மீற்றர் அளவிலுள்ள காசல்ரீயில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இழப்பு ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும். கொழும்பில் பாய்ந்து ஓடிய படகு இங்கே மூக்கைத் தூக்கிக்கொண்டு திணறுவதற்குக் காரணம் இதுவே. அறிந்தவர்கள் மலைக்கு வரும்போது புரி குறைந்த சுழல்விசிறியை மாட்டிக்கொள்வர்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் நீரின் அளவுதான். தென்மேல் பருவமழை வைகாசியில் தொடங்கி நீர்த்தேக்கங்களை நிரப்பும். அதற்கு முந்திய மாதங்களில் சேமித்த நீர் மின்சாரமாகச் செலவாகிவிடும். கொழும்பு மக்கள் விடுமுறைக்கு மலையேறும் சித்திரையிலேயே நீர் மிகக் கீழே இருக்கும். அப்போது மவுசாகலையில் படகை வேகமாக விடுபவன், கண்ணுக்குத் தெரியாத மதில்களுக்கும் அடிமரங்களுக்கும் ஓரடி இரண்டடி மேலே ஓடிக்கொண்டிருக்கிறான். பழைய ஊர் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

படகு வைத்திருப்பது குற்றமென்று நான் சொல்ல வரவில்லை. உழைத்துச் சம்பாதித்தவன் குடும்பத்தோடு இரண்டு நாள் நீரில் கழிப்பதில் என்ன பிழை? 2005இல் காசல்ரீக் கரையின் பழைய துரை பங்களாக்கள் சில உல்லாச விடுதிகளாயின. 2010களில் கொழும்பிலிருந்து கடல்விமானங்கள் அந்நீரில் வந்திறங்கின. கிரகரி வாவியில் விடுமுறை நாட்களில் படகுக்கு வரிசை நிற்கிறது. இந்த வரவால் மலையக இளைஞர் சிலருக்கேனும் தொழில் கிடைக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. நான் கேட்பது சிறிய விடயம். வாவிக்கு ஆளுநரின் பெயர் உண்டு. மின்நிலையத்துக்குப் பொறியியலாளரின் பெயர் உண்டு. அவர் அதற்குத் தகுதியானவரே. நீருக்குள் போன ஊரின் பெயரையும் அங்கு வாழ்ந்தோரின் கதையையும் வருகிறவன் வாசிக்கும்படி கரையில் ஒரு கல்லிலேனும் பொறிக்க வேண்டாமா? கரையில் வாழ்கிறவனின் பிள்ளை அந்த நீரில் படகோட்டவும் நீந்தவும் முறையாகக் கற்க வழி செய்ய வேண்டாமா?

அன்று வளைவில் அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. பஸ் நடத்துநரும் லொறிச் சாரதியும் ஏழெட்டுப் பயணிகளும் சேர்ந்து டிரெய்லரைத் தள்ளி நேராக்கினார்கள். படகுக்குரியவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். நல்ல மனிதராகவே தோன்றினார். எங்கே போகிறார் என்று யாரோ கேட்க, மவுசாகலைக்கு என்றார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற முதியவர் அதைக் கேட்டுவிட்டு, அவருகில் சென்று சிங்களத்தில் நிதானமாக ஏதோ விளக்கினார். நீர் எங்கே ஆழம், எந்தப் பக்கம் பழைய பாலம், எந்த இடத்தில் கோயில் மதில் என்று கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். படகுக்காரர் தம் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

திரும்பி வந்து அமர்ந்ததும் கேட்டேன்: "அவ்வளவும் நினைவிருக்குதா ஐயா?"

"அந்தக் கடத்தெருவுலதான் தம்பி நான் பொறந்தேன்" என்றார். "தண்ணி வந்தப்ப எனக்குப் பதினெட்டு வயசு."

பஸ் புறப்பட்டது. வட்டவளை வரை அந்தப் படகு எமக்கு முன்னால் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.